ஏழாவது கட்டத்தின் குதிரை

காலை பத்து நாற்பதுக்கு, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, சின்ன வீரப்பெருமாள் துரை முந்நூறு வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் குதிரையைத் தட்டிவிட்டார். அன்று 2022 ஜூன் 15, புதன்கிழமை. பார்த்த மூவரில் ஒருவர் ஆலங்கொண்டான் அரண்மனையின் காவலர் எசக்கியப்பன். இன்னொருவர் அவருக்குத் தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்த மைதீன். மூன்றாமவர் தென்காசிக்குப் போகிற வழியில் கழிப்பறையைத் தேடி இறங்கி, சும்மா திரும்பிப் போகக் கூச்சப்பட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்த மருந்துக் கம்பெனிக்காரர்.

துரை சுவரோவியத்தின் ஓடைக்குள் கிடந்த இடத்திலிருந்து எழுந்தார். தண்ணீரில் மிதந்த தலைப்பாகையை எடுத்துப் பிழிந்து தலையில் வைத்தார். குதிரையையும் எழுப்பி அதன் மேல் ஏறினார். இருபது அடி பின்னால் போய்த் திரும்பி நின்று, முன்பக்கம் கொஞ்சம் குனிந்து, விலாவில் குதிகாலால் ஒரு உதை விட்டார். குதிரை ஓடி வந்தது. ஓடையின் விளிம்பில் முன்கால்கள் இரண்டும் மேலே எழும்பின. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. குதிரை தலைகுப்புறச் சாய்ந்தது. துரை அதன் தலைக்கு மேலாகப் பறந்து தண்ணீரில் விழுந்தார். தலைப்பாகை தனியாகப் போய் விழுந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் பழைய இடத்தில் பழையபடி இருந்தன. சுவரின் அடியில் ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது.

"அண்ணாச்சி, துரை எந்திரிச்சிட்டாரு" என்றார் மைதீன்.

"எந்திரிச்சா என்ன, அதான் விழுந்துட்டாரே" என்றார் எசக்கியப்பன். தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு மண்டபத்தைப் பூட்டும்போது பத்தொன்பது வருடங்களாக எழுதுகிற வரியைப் பதிவேட்டில் எழுதினார்: கூரை, மாற்றம் இல்லை. கதவு, மாற்றம் இல்லை. ஓவியம், மாற்றம் இல்லை.

அந்த ஓவியம் கொலுமண்டபத்தின் தெற்குச் சுவர் முழுக்க ஒன்பது கட்டங்களாக நீண்டு கிடப்பது. முதல் கட்டத்தில் துரை பட்டம் கட்டிக்கொள்கிறார். அதற்கடுத்தவற்றில் புலி சுடுகிறார், சாமி கும்பிடுகிறார், வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி வாங்குகிறார். எட்டாவதில் விருந்து, ஒன்பதாவதில் ஊர்வலம். ஏழாவது கட்டத்தில்தான் துரை ஓடையில் விழுந்து கிடக்கிறார், குடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். கதை ஊருக்கே தெரியும். ஓடைக்கு இந்தப் பக்கம் ஆலங்கொண்டான், அந்தப் பக்கம் வெட்டுவான்குளம். பெரியகுளத்தின் மேலமடைத் தண்ணீர் யாருக்கு என்று இரண்டு ஊரும் வெட்டிக்கொண்ட காலத்தில், துரை ஒரு பந்தயம் கட்டினார். குதிரை மேலிருந்து ஓடையைத் தாண்டினால் மடை தனக்கு, தாண்டாவிட்டால் வெட்டுவான்குளத்துக்கு. மற்ற எட்டுக் கட்டங்களையும் தீட்டி முடித்திருந்த ஓவியர், வெற்றியைப் பார்த்து வரைவதற்காக ஏழாவதைக் காலியாக விட்டு, ஈரச் சுண்ணாம்பு பூசிவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் நின்றார். பார்த்ததை வந்து வரைந்தார். சுண்ணாம்பு காய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார். கீழே அவர் எழுதிவைத்த வரியில் அவருடைய பயமும் இருந்தது, தொழில் சுத்தமும் இருந்தது: 'துரையவர்கள் ஓடை தாண்டப் போனது.' துரை மிச்ச ஆயுளுக்கு அந்தக் கட்டத்தின் மேல் பட்டுத்திரை தொங்கவிட்டார். மேலமடைத் தண்ணீர் அன்றிலிருந்து வெட்டுவான்குளத்துக்குத்தான் போகிறது.

இப்போது துரை தினமும் முயன்றார். மழைக்கும் நிற்கவில்லை, ஆடி அமாவாசைக்கும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு வார விடுமுறை, அன்றைக்கு அவர் முயன்றாரா ஓய்வெடுத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சிக்காரர்கள் திருநெல்வேலியிலிருந்து கார் எடுத்து வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பூட்டிய கதவையும் மைதீன் கடை முறுக்கையும் படம் பிடித்துவிட்டு, மறுநாள் வேறெங்கோ ஒரு லாரி கவிழ்ந்துவிட்டதால் போய்விட்டார்கள். மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது என்று தொல்லியல் துறை மாட்டிய பலகை ஒன்று உண்டு. எசக்கியப்பன் எல்லோருடைய போனையும் வாசலிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிடுவார்.

அதனால் விஷயம் ஊரைத் தாண்டவில்லை, ஆனால் ஊருக்குள் நன்றாக உட்கார்ந்துகொண்டது. பத்து இருபத்தைந்து மினிபஸ் பத்து ஐம்பத்தைந்துக்குக் கிளம்பியது, டிரைவரும் கண்டக்டரும் மண்டபத்தில் நின்றதால். பால் சொசைட்டியில் கணக்குப் பார்ப்பவர் பத்தரைக்கு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு வந்தார். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் போகக் கூடாது என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் ஆபத்து என்று. அதற்கு நேர்மாறாக, போட்டித் தேர்வில் ஆறு தடவை, ஏழு தடவை தோற்றவர்கள் வடக்குச் சுவரோரம் வரிசையாக வந்து உட்கார்ந்து, துரை விழுந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, முகம் தெளிந்து, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். இருசக்கர வாகனக் கடை வைத்திருந்த கனகசபைத் துரை, எட்டாம் தலைமுறை வாரிசு, பஸ் நிலையத்தில் 'இன்று தாண்டுவார்' என்று பேனர் வைத்தார். அதில் 'இன்று' என்பதற்குத் தேதி போடவில்லை, ஒரே பேனர் மூன்று மாதம் தாங்கியது.

வெட்டுவான்குளத்துக்காரர்கள் டிராக்டரில் வந்தார்கள். மண்டபத்தின் இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் ஆலங்கொண்டான்காரர்கள். துரை ஓட ஆரம்பித்ததும் வலது பக்கம் எக்கி நின்றது, விழுந்ததும் இடது பக்கம் கைதட்டியது. ஜூலை கடைசியில் ஒரு நாள் கைதட்டல் நிற்காமல் போய், ஒரு செருப்பு பறந்து, அது யார் மீதும் படாமல் மூன்றாவது கட்டத்துப் புலிக்கு அருகில் சுவரில் பட்டது. தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டினார்கள்.

தாசில்தார் ரெஜினா இரண்டு ஊர்க்காரர்களையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நடுவில் எசக்கியப்பன், சாட்சியாக.

"படத்துல துரை தாண்டினா தண்ணி யாருக்குன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். "கோர்ட்டு ஒண்ணு சொல்ற வரைக்கும் இருக்கிற நிலைமை அப்படியே இருக்கும். விழுறப்ப முப்பது விநாடிக்கு மேல கைதட்டக் கூடாது. தாண்டினா பட்டாசு கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

"துரையும் போடணுமா மேடம்?" என்றார் வெட்டுவான்குளத்துக் குருவையா, சிரிக்காமல்.

"அவுக சார்பா நான் போடுதேன்" என்றார் கனகசபைத் துரை.

"நீங்க உங்களுக்குப் போடுங்க சார். அவருக்கு இடம் விட்டு வைக்கிறேன், வந்தா போடச் சொல்லுங்க."

"ஓய் குருவையா, எங்க பாட்டன் தாண்டுன அன்னைக்கு உம்ம முகத்தைப் பாக்கணும்வே."

"நல்லாப் பாரும். முந்நூறு வருசமா தண்ணி குடிச்சுக் குளுந்த முகம்."

எசக்கியப்பன் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். இரண்டு ஊரிலும் துரை விழ வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டிருந்தவர் அவர்தான், அதை யாரிடமும் சொல்ல முடியாது. பத்தொன்பது வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். வேலையை நிரந்தரம் செய்யும் கோப்பு இந்தத் தடவைதான் மேசை மேசையாக நகர்ந்து துறையின் உதவி இயக்குநர் பரிமேலழகன் வரைக்கும் வந்திருக்கிறது. செப்டம்பர் 21-ஆம் தேதி அவர் நேரில் வந்து பார்த்து, 'இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் ஓவியத்தில் மாற்றம் எதுவும் நேரவில்லை' என்று ஒரு வரி எழுத வேண்டும். தாண்டாத வரைக்கும் துரை பத்து ஐம்பத்திரண்டுக்குப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார், மாற்றம் இல்லை. தாண்டிவிட்டால் அது மாற்றம். காவலர் இருக்கும்போதே படத்தில் இருந்த ஆள் இடம் மாறினால் அதற்குத் துறையில் ஒரே பெயர்தான், சேதம்.

வீட்டில் அவர் மனைவி செண்பகவடிவு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊர் வெட்டுவான்குளம், தம்பிக்கு மேலமடைப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். அவளும் இடது பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாள், ஆனால் கைதட்ட மாட்டாள்.

"ஏங்க, அந்தக் குதிரை நொண்டுது."

"படத்துல உள்ள குதிரை எப்படி நொண்டும்?"

"படத்துல உள்ளது ஓடும்போது நொண்டாதாக்கும்? இடது பின்னங்காலைப் பாருங்க. முன்னங்காலு ரெண்டும் எந்திரிக்குது, பின்னங்காலு ஒண்ணு எந்திரிக்குது, அந்த ஒத்தக் காலை மட்டும் யாரோ பிடிச்சு இழுக்குத மாதிரி இருக்கு. இன்னைக்கு விழுந்து எந்திரிக்க முடியாம எந்திரிச்சுது. துரைக்குக் கண்ணு தெரியலையா? நீங்க தினம் பாக்கிய, உங்களுக்குமா தெரியல?"

எசக்கியப்பனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, ஏழாவது கட்டத்தில் குதிரையின் பின்னங்குளம்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பொருமி நின்றது. துறைக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. காவல் வேலைக்கு வருமுன் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவர், தன் வீட்டுக் குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து அந்த இடத்தில் அப்பி, மட்டம் பார்த்து, நிறம் தெரியாமலிருக்க டீ டிகாஷனைத் தொட்டுப் பூசிவிட்டார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வைப்பது அவர்கள் துறையில் கொலைக்கு அடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை பதிவேட்டில் எழுதினார்: ஓவியம், மாற்றம் இல்லை. குதிரை அன்றிலிருந்து அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அது ஏன் விழுந்ததோ, இப்போது விழுவது அவருடைய குளியலறைச் சிமெண்டால்.

செண்பகவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"எடுத்துருங்க."

"எடுத்தா தாண்டிருவாரு. வேலை போயிரும். உன் தம்பிக்குத் தண்ணி போயிரும்."

"தண்ணி வரும், போவும். அது வாயில்லாச் சீவன். நீங்க வேலையில நிக்கதுக்கு அது தினம் மூக்கு உடையணுமா?"

அவர் எடுக்கவில்லை. ஆகஸ்ட் முழுக்க எடுக்கவில்லை. குதிரை விழுந்தது, எழுந்தது, விழுந்தது. எழும்போது கழுத்தை வளைத்துப் பின்னங்காலைப் பார்த்தது. பிறகு மண்டபத்தின் பக்கமாகத் தலையைத் திருப்பியது. இடப்பக்கம் ஐம்பது பேர், வலப்பக்கம் ஐம்பது பேர் இருக்க, அது வாசலோரம் போன் வாளியின் பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் பார்த்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி, எண்பத்து மூன்றாவது தடவை, விழுந்த குதிரை எழவே இல்லை. பத்து ஐம்பத்திரண்டு தாண்டியும் அதன் விலா ஏறி ஏறி இறங்கியது. படத்தில் அப்படி மூச்சு வாங்குகிற குதிரை கிடையாது. மாலையில் பதிவேட்டைத் திறந்த எசக்கியப்பன், 'மாற்றம்' என்று எழுதி, பேனாவை மூடி, அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். கையில் சின்ன உளியும் பழைய பல்துலக்கும் பிரஷும் இருந்தன. உத்தியோகக் கணக்கில் இது முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஓரத்திலிருந்து மணல் மணலாகச் சுரண்டினார். மாட்டுக்கு லாடம் மாற்றும்போது சொல்வதுபோல "நில்லு, நில்லு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரில் குதிரையின் தோல் ஒரு தடவை ஈ விரட்டுவதுபோல் சிலிர்த்தது. ஒன்பதரைக்குக் கடைசிச் செதில் பெயர்ந்தது. அடியில் அந்த ஓவியர் வரைந்த குளம்பு முழுசாக இருந்தது, ரேகை முதற்கொண்டு.

பத்து நாற்பதுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. துரை எழுந்தார், தலைப்பாகையைப் பிழிந்தார், ஏறினார், இருபது அடி பின்னால் போனார். குதிரை வந்த வேகத்தில் வலது பக்கம் முழுக்க ஒரே மூச்சாக நின்றது. கனகசபைத் துரை தடைசெய்யப்பட்ட பட்டாசைச் சட்டைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குருவையா கண்ணை மூடிக்கொண்டார். எசக்கியப்பன் பத்தொன்பது வருடத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்தார்.

குதிரை ஓடையின் விளிம்பு வரைக்கும் வந்து, நான்கு கால்களையும் ஊன்றி, நின்றுவிட்டது.

துரை உதைத்தார். மறுபடியும் உதைத்தார். குதிரை தலையைத் தாழ்த்தி ஓடையைப் பார்த்தது, நிமிர்ந்து அந்தக் கரையைப் பார்த்தது, காதை ஆட்டியது. நகரவில்லை. கால் அதனுடையதாக இருந்த முதல் நாளில் அது தாண்ட மாட்டேன் என்றது.

துரை வெகுநேரம் சேணத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்தார். மறு கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, சரிவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஓடைக்குள் இறங்கினார். தண்ணீர் அவருக்கு முழங்கால் வரை வந்தது. குதிரை நடுவில் நின்று கொஞ்சம் தண்ணீர் குடித்தது, அவர் காத்திருந்தார். இரண்டு பேரும் அந்தக் கரையில் ஏறினார்கள். குடைக்காரன் முந்நூறு வருடமாக வாயில் வைத்திருந்த கையை எடுத்தான்.

மைதீன்தான் முதலில் பேசினார்.

"முட்டளவு தண்ணிக்கா வே இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

துரை நிற்கவில்லை. ஏழாவது கட்டத்தின் சிவப்பு ஓரக்கோட்டைத் தாண்டி எட்டாவதற்குள் நடந்தார். விருந்தில் இருந்தவர்கள் இலையை நகர்த்தி வழிவிட்டார்கள். குதிரை போகிற போக்கில் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. ஒன்பதாவதில் ஊர்வலம் அவருக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அதைக் கடந்ததும் வெறும் சுவர், சுவிட்சுப் பெட்டி, ஜன்னல். ஜன்னல் திறந்திருந்தது.

அதன் பிறகுதான் சண்டை வந்தது. தாண்டியாச்சு என்றார் கனகசபைத் துரை. இறங்கி ஏறினால் அதற்குப் பெயர் தாண்டுவதா, எங்கள் ஊர்ப் பன்றிகூட அப்படித் தினமும் தாண்டுகிறது என்றார் குருவையா. குதிரையும் கூடத்தானே போனது என்றார்கள் வலது பக்கம். குதிரை மேலிருந்து என்பதுதான் பந்தயம் என்றார்கள் இடது பக்கம். தாசில்தார் வந்து, இருக்கிற நிலைமை அப்படியே இருக்கும் என்றார். பேச்சு அத்தோடு நின்று, பிறகு டீக்கடையில் தொடர்ந்தது.

அன்று மாலை எசக்கியப்பன் பதிவேட்டில் முதல் நாள் பாதியில் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கினார். 'மாற்றம் உண்டு. துரையும் குதிரையும் படத்தில் இல்லை. மேற்படி குதிரையின் காலில் நான் 2004-இல் அனுமதியின்றி வைத்த சிமெண்டை இன்று அனுமதியின்றி எடுத்தேன்.' கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய், மறுநாள் வேலை போகப்போகிறவர் போலவே, இரண்டு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

உதவி இயக்குநர் பரிமேலழகன் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். பதிவேட்டைப் படித்தார். ஏழாவது கட்டத்தின் முன்னால் நின்று பார்த்தார். ஓடை இருந்தது, குடைக்காரன் இருந்தான், ஈர மண்ணில் குளம்புத் தடம் இருந்தது.

"சிமெண்ட் எங்க இருந்துச்சு?"

"இங்க சார்."

"இங்க சிமெண்ட் இல்லையே."

"எடுத்துட்டேன் சார்."

"இல்லாத சிமெண்டை நான் எப்படிங்க அறிக்கையில எழுதுறது?" என்றார் அவர். நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். "அதை விடுங்க. ஆளும் குதிரையும்தான் பிரச்சினை. நேத்து வரைக்கும் இருந்துச்சு, இப்ப இல்ல. அதாவது காணவில்லை. காணாமப் போன பொருள் கிடைக்கிற வரைக்கும் கோப்பை மூட முடியாது. கோப்பு மூடுற வரைக்கும் அந்த இடத்துக் காவலரை எடுக்க முடியாது. எடுத்தா, காணாமப் போனதை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அப்ப நான் சார்?"

"நீங்க இங்கதான் இருக்கணும். திரும்பி வந்தா யாராவது பார்க்கணும்ல?"

எசக்கியப்பனின் வேலை 2023 மார்ச் 3-ஆம் தேதி நிரந்தரமானது. உத்தரவில் பணியின் விவரம் என்ற இடத்தில், 'ஏழாவது கட்டத்தைக் கவனித்தல்' என்று இருந்தது. அவர் கவனித்தார். போட்டித் தேர்வுக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து வெறும் ஓடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, ஒவ்வொருவராக வராமல் போனார்கள். மினிபஸ் பத்து இருபத்தைந்துக்கே கிளம்பியது. மேலமடை வழக்கு தென்காசி நீதிமன்றத்தில் இருக்கிறது. தாசில்தார் அலுவலகக் காகிதத்தில் துரைக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது. செண்பகவடிவு பகலில் சோறு கொண்டுவரும்போதெல்லாம் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்குக் குதிரை மட்டும் திரும்பி வந்தது. சேணம் இல்லை, பின்னங்கால் நன்றாக இருந்தது. ஓடைக்கரையில் மேய்ந்தது.